சிங்கப்பூர் – நியூயார்க்: தொலைவு ஒன்றாக இருக்கப் பயண நேரம் மாறுவது ஏன்?

கேள்வி: தோ பாயோ தாத்தா

அனைவருக்கும் வணக்கம். வரும் ஜூன் மாதம் நானும் என் மனைவியும் நியூயார்க்கில் வசிக்கும் எங்கள் மகளைப் பார்க்கச் செல்லவிருக்கிறோம். மகள் இரண்டு பயணத் திட்டங்களை அனுப்பி, எது வசதியோ அதைத் தேர்ந்தெடுக்கும்படி சொல்லியிருக்கிறாள். ஒன்று சாங்கியிலிருந்து எங்கும் நிற்காமல் நேரே நியூயார்க் செல்வது. மற்றொன்று ஜெர்மனியின் ஃபிராங்பர்ட்டில் இறங்கி ஏறுவது. முடிவெடுக்கும் முன் சில ஐயங்களைத் தீர்த்துக்கொள்ள விரும்புகிறேன்.

முதலாவது, தொலைவு. இணையத்தில் சுமார் 15,300 கி.மீ. என்று ஓரிடத்திலும் 16,000 கி.மீ.க்கு மேல் என்று வேறோரிடத்திலும் போட்டிருக்கிறார்கள். பேரனின் அறையில் தொங்கும் உலக வரைபடத்தில் நானே அளவுகோலை வைத்து அளந்து, கீழே கொடுத்திருந்த அளவின்படி பெருக்கிப் பார்த்தேன். எனக்கு ஏறக்குறைய 20,400 கி.மீ. வந்தது. மூன்றில் எது சரி?

இரண்டாவது, நேரம். போகும் விமானத்துக்கும் திரும்பும் விமானத்துக்கும் அட்டவணையில் வேறு வேறு நேரம் இருக்கிறது. சென்ற டிசம்பரில் இதே வழியில் சென்ற என் நண்பர், போட்டிருந்த நேரத்துக்கு அரை மணிக்கு மேல் முன்னதாகவே இறங்கிவிட்டதாகச் சொல்கிறார். இரண்டு ஊர்களும் இருந்த இடத்தில்தானே இருக்கின்றன? பூமி சுழல்வதால் ஒரு திசையில் சீக்கிரம் போய்ச் சேருகிறோம் என்று மின்தூக்கியில் ஒருவர் விளக்கினார். எனக்கு அது சரியாகப் படவில்லை, ஆனால் மறுக்கவும் தெரியவில்லை.

மூன்றாவது, ஒரு சிறிய குழப்பம். திங்கள் இரவு புறப்பட்டால் செவ்வாய் விடியற்காலையில் நியூயார்க்கில் இறங்கிவிடலாம் என்கிறது பயணச்சீட்டு. ஆனால் திரும்பும்போது செவ்வாய் இரவு புறப்பட்டால் வியாழன் விடியற்காலையில்தான் சாங்கி வந்து சேர்கிறோம். அந்தப் புதன்கிழமை எங்கே போனது?

மறுமொழி: உருண்டையும் நூலும்

ஐயா, உங்கள் அளவுகோல் சொன்ன 20,400 கி.மீ. எப்படியும் தவறாகத்தான் இருக்க வேண்டும் என்பதை வரைபடத்தைப் பார்க்காமலேயே சொல்லிவிடலாம். பூமியின் சுற்றளவு சுமார் 40,000 கி.மீ. ஆகவே எந்த இரண்டு ஊர்களுக்கும் இடையிலான மிகக் குறுகிய தொலைவு அதில் பாதியை, அதாவது 20,000 கி.மீ. சொச்சத்தைத் தாண்டவே முடியாது. அதற்குத் தவறு உங்கள் மீது இல்லை, சுவர் வரைபடத்தின் மீதுதான். மெர்காட்டர் முறையில் வரைந்த படத்தில், நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே போகப் போக நிலம் இழுக்கப்பட்டுப் பெரிதாகிவிடுகிறது. கீழே அச்சிட்டிருக்கும் அளவு நிலநடுக்கோட்டுக்கு மட்டுமே பொருந்தும். நியூயார்க் இருக்கும் வடக்கு அட்சரேகைக்குப் பொருந்தாது.

அந்த இழுப்பைக் கழித்துவிட்டு, நீங்கள் அளவுகோலால் போட்ட நேர்கோட்டின் மேலேயே ஒரு விமானம் உண்மையில் பறப்பதாக வைத்துக்கொண்டாலும் சுமார் 18,500 கி.மீ. வரும். கோடு எங்கே போகிறது என்று பாருங்கள்: சிங்கப்பூரிலிருந்து மேற்கே போய், இலங்கையைத் தொட்டு, ஏமன், சூடான், சகாரா பாலைவனம் வழியாக அட்லாண்டிக்கைக் கடக்கிறது. தட்டையான தாளில் அது நேர்கோடு. உருண்டையின் மேல் அது வளைந்து செல்லும் சுற்றுவழி.

இப்போது ஒரு உலக உருண்டையையும் ஒரு நூலையும் எடுத்துக்கொள்ளுங்கள். நூலின் ஒரு முனையைச் சிங்கப்பூரிலும் மறுமுனையை நியூயார்க்கிலும் வைத்து இறுக்கிப் பிடித்தால், நூல் தானாகவே நழுவி வடதுருவத்தின் பக்கமாகப் போய் நிற்கும். காரணம் எளிது. சிங்கப்பூர் ஏறத்தாழ 104 பாகை கிழக்குத் தீர்க்கரேகையிலும் நியூயார்க் ஏறத்தாழ 74 பாகை மேற்கிலும் இருக்கின்றன. இரண்டையும் கூட்டினால் 178. 180 ஆக இன்னும் இரண்டு பாகைதான் குறைவு. ஒன்றுக்கு ஒன்று கிட்டத்தட்ட நேர் எதிர்ப்புறத்தில் இருப்பதால், இங்கிருந்து வடக்கே துருவம் வரை ஏறி, அந்தப் பக்கமாக இறங்குவதே குறுக்குவழி.

இப்படி அமைந்துவிட்ட ஊர்களுக்குத் தொலைவு கணக்கிடக் கணினியே வேண்டாம். சிங்கப்பூர் 1.4 பாகை வடக்கில் இருக்கிறது, அங்கிருந்து துருவத்துக்கு 88.6 பாகை. நியூயார்க் 40.6 பாகை வடக்கில் இருக்கிறது, துருவத்திலிருந்து அங்கே 49.4 பாகை. மொத்தம் 138 பாகை. ஒரு பாகைக்குச் சராசரியாக 111.2 கி.மீ. என்று பெருக்கினால் 15,346 கி.மீ. கிடைக்கும். சாங்கிக்கும் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்துக்கும் இடையே பொதுவாகச் சொல்லப்படும் தொலைவு 15,349 கி.மீ. மூன்று கி.மீ. வித்தியாசத்தைப் பூமி சரியான உருண்டை அல்ல என்பதன் கணக்கில் எழுதிவிடலாம். உங்கள் பேரனிடம் 30 செ.மீ. விட்டமுள்ள உருண்டை இருந்தால் அந்த நூல் 36 செ.மீ. நீளம் இருக்க வேண்டும், ஒரு செ.மீ.க்கு 425 கி.மீ. அளந்து பார்த்துச் சொல்லுங்கள்.

அந்த நூலின் கீழே வரும் ஊர்களையும் பாருங்கள். தாய்லாந்து, சீனாவின் செங்டூவுக்குச் சற்று மேற்கே, மங்கோலியா, ரஷ்யாவில் பைக்கால் ஏரிக்கு மேற்குப் பக்கம், உறைந்த வடதுருவக் கடல், பிறகு கனடாவின் பாஃபின் தீவு, கியூபெக், அதன் பின் நியூயார்க். துருவப் புள்ளியிலிருந்து சுமார் 280 கி.மீ. தள்ளி அந்தப் பாதை கடந்து போகிறது.

மறுமொழி: வானிலை அறை

மேலே நண்பர் சொன்ன தொலைவுக் கணக்கில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் விமானம் அந்த நூலின் மேல் பறப்பது அரிது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நான் ஒரு விமான நிறுவனத்தில் பறப்புத் திட்டம் தயாரிக்கும் பிரிவில் சில ஆண்டுகள் பணியாற்றியவன். அங்கே எங்கள் மேசையில் தொலைவு என்ற பேச்சு அதிகம் எழாது. எத்தனை நிமிடம், எத்தனை டன் எரிபொருள் என்பதே கேள்வி. அந்த இரண்டையும் முடிவு செய்வது காற்று.

விமானத்தின் வேகம் என்பது அதைச் சுற்றியுள்ள காற்றைப் பொறுத்த வேகம். நீண்ட தூர விமானம் உச்ச உயரத்தில் மணிக்குச் சுமார் 900 கி.மீ. வேகத்தில் காற்றைக் கிழித்துச் செல்கிறது. அந்தக் காற்றே கிழக்கு நோக்கி ஓடிக்கொண்டிருந்தால், தரையைப் பொறுத்த வேகம் அதற்கேற்பக் கூடும் அல்லது குறையும். வடகோளத்தின் நடுப்பகுதியில், சுமார் 9 முதல் 12 கி.மீ. உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஆறு போல ஓடும் காற்றை அருவிக்காற்று என்றும் ஜெட் காற்றோட்டம் என்றும் சொல்வார்கள். மணிக்கு 150, 200 கி.மீ. என்பது அதற்குச் சாதாரணம். குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே 300 கி.மீ.யைக் கூடத் தாண்டும். உங்கள் நண்பர் டிசம்பரில் அரை மணி முன்னதாக இறங்கியதற்கு இதுவே பெரும்பாலும் காரணமாக இருக்கும். ஜூன் மாதத்தில் அந்த ஆறு மெலிந்து வடக்கே ஒதுங்கியிருக்கும், ஆகையால் அதே தள்ளுதலை எதிர்பார்க்க வேண்டாம்.

இந்தக் காற்றை முதன்முதலில் முறையாக அளந்தவர்களுள் ஒருவர் வசபுரோ ஓயிஷி என்ற ஜப்பானிய வானிலை அறிஞர். 1920களில் தாத்தெனோ என்ற இடத்திலிருந்து பலூன்களைப் பறக்கவிட்டு அளந்தார். உலகம் முழுவதும் படிக்கட்டும் என்று எண்ணித் தம் முடிவுகளை 1926 ஆம் ஆண்டு, எல்லா நாட்டவருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று உருவாக்கப்பட்ட எஸ்பெராண்டோ மொழியில் வெளியிட்டார். பாவம், அதனாலேயே வெளியுலகில் படித்தவர்கள் மிகச் சிலர்.

இதை வைத்து உங்கள் பயணத்தைப் பார்ப்போம். துருவ வழி 15,350 கி.மீ.; அங்கே நிலையாகப் பின்னாலிருந்து தள்ளும் காற்று கிடையாது. மணிக்கு 900 கி.மீ. என்று வைத்தால் 17 மணி 3 நிமிடம். மாறாக, ஜப்பானுக்கு அருகே போய் அங்கிருந்து வட பசிபிக், அலாஸ்கா அல்லது கனடா வழியாகச் சென்றால் சுமார் 16,200 கி.மீ. ஆகும். நீங்கள் இணையத்தில் பார்த்த 16,000 சொச்சம் இப்படி உண்மையில் பறந்த பாதையின் நீளமாக இருக்கும். 850 கி.மீ. அதிகம்தான், ஆனால் வழிநெடுகச் சராசரியாக 80 கி.மீ. காற்று பின்னாலிருந்து தள்ளினால் 16½ மணியில் முடிந்துவிடும். நீண்ட வழியே குறுகிய பயணம் ஆகிவிடுகிறது. இந்த நேரங்களோடு ஏறுவது, இறங்குவது, ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வது, தாமதத்துக்கென்று ஒதுக்கி வைப்பது எல்லாவற்றையும் கூட்டித்தான் அட்டவணையில் 18 மணி சொச்சம் என்று போடுகிறார்கள்.

துருவ வழியில் வேறு தொல்லைகளும் உண்டு. அவசரத்துக்கு இறங்க விமான நிலையங்கள் மிகக் குறைவு. ஜெட் ஏ1 எரிபொருள் சுழியத்துக்குக் கீழே 47 பாகையில் உறையத் தொடங்குவதால், இறக்கைக்குள் இருக்கும் எரிபொருளின் வெப்பநிலையைக் கண்காணித்துக்கொண்டே பறக்க வேண்டும்.

பூமியின் சுழற்சி பற்றி மின்தூக்கியில் கேட்ட விளக்கம் தவறு. நிலநடுக்கோட்டில் தரை மணிக்குச் சுமார் 1,670 கி.மீ. வேகத்தில் கிழக்கே நகர்கிறது. காற்றும் அதோடு சேர்ந்தே நகர்கிறது, விமானமும் அந்தக் காற்றில்தான் மிதக்கிறது. ஓடும் எம்ஆர்டி ரயிலுக்குள் நீங்கள் குதித்தால் பின் பெட்டியில் போய் விழுவதில்லை அல்லவா? ஆனால் அவரை முழுவதும் ஒதுக்கிவிடவும் முடியாது. அருவிக்காற்று கிழக்கு நோக்கி ஓடுவதற்கு, வெப்ப மண்டலத்திலிருந்து வடக்கே போகும் காற்றைப் பூமியின் சுழற்சி திருப்பிவிடுவது ஒரு முக்கியக் காரணம். சுழற்சி விமானத்தைத் தொடுவதில்லை, காற்றைத் தொடுகிறது.

மறுமொழி: தோ பாயோ தாத்தா

இருவருக்கும் மிக்க நன்றி. உருண்டையில் நூல் வைத்துப் பார்த்தேன். எங்கள் உருண்டை சற்றுச் சிறியது, 25 செ.மீ. விட்டம், நூல் 30 செ.மீ. வந்தது. கணக்கு சரியாகவே இருக்கிறது. பேரனுக்கு என்னைவிட மகிழ்ச்சி.

ஆனால் இப்போது வேறொரு கேள்வி எழுகிறது. போகும்போது காற்று பின்னாலிருந்து தள்ளுகிறது என்றால், வரும்போது அதே காற்று முன்னாலிருந்து தடுக்க வேண்டும். அப்படியானால் திரும்பும் நேரம் மூன்று நான்கு மணி நேரம் கூடியிருக்க வேண்டாமா? பயணச்சீட்டில் 18 மணி 40 நிமிடம் என்றுதான் இருக்கிறது.

மறுமொழி: வானிலை அறை

மிகச் சரியான கேள்வி, ஐயா. பெரும்பாலான ஊர்களுக்கு நீங்கள் சொல்வதே நடக்கும். எடுத்துக்காட்டாக, 10,000 கி.மீ. தொலைவை மணிக்கு 100 கி.மீ. காற்றோடு பறந்தால் 10 மணி. எதிர்த்துப் பறந்தால் 12½ மணி. காற்றே இல்லாவிட்டால் 11 மணி 7 நிமிடம். கூர்ந்து பாருங்கள்: காற்று கொடுத்தது 67 நிமிடம், பிடுங்கியது 83 நிமிடம். தடுக்கப்படும் வேளையில் அந்தக் காற்றில் அதிக நேரம் மாட்டிக்கொள்கிறோம் என்பதால், போய்வரும் மொத்தக் கணக்கில் எப்போதும் நட்டம்தான்.

சிங்கப்பூருக்கும் நியூயார்க்குக்கும் மட்டும் ஒரு தப்பும் வழி உண்டு. இரண்டும் பூமியின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருப்பதால், போகும்போதும் கிழக்கே போகலாம், வரும்போதும் கிழக்கே வரலாம். திரும்பும் விமானம் பல நாள்களில் வந்த வழியே செல்லாமல், அட்லாண்டிக்கைக் கடந்து, ஐரோப்பா வழியாக, ஆசியாவின் தென்பகுதியைத் தொட்டுச் சாங்கிக்கு வரும். அட்லாண்டிக்கின் மேலும் காற்று கிழக்கு நோக்கியே ஓடுகிறது. எந்த நாளில் எந்தப் பக்கம் என்பதை அன்றைய காற்று முன்னறிவிப்பைப் பார்த்து, புறப்படுவதற்குச் சில மணி நேரம் முன்னால்தான் முடிவு செய்வார்கள். அமைந்தால், இரண்டே பயணச்சீட்டில் நீங்கள் உலகத்தையே ஒரு சுற்றுச் சுற்றி வந்தவர் ஆவீர்கள். வரும் வழியில் பாதித் தூரத்துக்குக் காற்றின் உதவி குறைந்துவிடுகிறது, பாதையும் 16,000 கி.மீ.க்கு மேல் நீள்கிறது. அதனால்தான் சிறிது நேரம் கூடுகிறது.

வான்வெளி மூடப்பட்டாலும் நேரம் மாறும். ஹெல்சிங்கிக்கும் டோக்கியோவுக்கும் இடையே குறுகிய தொலைவு சுமார் 7,800 கி.மீ. 2022 பிப்ரவரி வரை ரஷ்யாவின் மேலாக 9½ மணியில் பறந்தார்கள். ரஷ்ய வான்வெளி மூடப்பட்ட பிறகு துருவத்தின் மேலாகவோ தெற்கே சுற்றியோ பறக்க நேர்ந்து, பயணம் 13 மணி அளவுக்கு நீண்டது. பின்லாந்து நிறுவனம் 1983 ஆம் ஆண்டு சோவியத் நாட்டைத் தவிர்த்துத் துருவம் வழியாகத் தொடங்கிய அதே வழிக்குத்தான் மறுபடி திரும்ப வேண்டியிருந்தது.

மறுமொழி: உருண்டையும் நூலும்

விட்டுப்போன புதன்கிழமைக்கு நான் பதில் சொல்கிறேன். ஜூன் மாதத்தில் நியூயார்க் நம்மைவிடச் சரியாக 12 மணி நேரம் பின்தங்கியிருக்கும்; அங்கே கோடைக்கால நேரம் முடிந்த பிறகு அது 13 மணி ஆகும். நீங்கள் செவ்வாய் இரவு 10.30 மணிக்கு அங்கே புறப்படும்போது சிங்கப்பூரில் ஏற்கெனவே புதன் காலை 10.30. அதோடு 18 மணி 40 நிமிடத்தைக் கூட்டினால் வியாழன் விடியற்காலை 5.10. புதன்கிழமை காணாமல் போகவில்லை, அதை ஆகாயத்தில் செலவழித்துவிட்டீர்கள். விமானம் பசிபிக் பக்கம் போனாலும் அட்லாண்டிக் பக்கம் போனாலும் இந்தக் கணக்கு ஒரு நிமிடம்கூட மாறாது.

சன்னலைப் பார்த்தால் மட்டும் வித்தியாசம் தெரியும். அட்லாண்டிக் வழியாகக் கிழக்கே வந்தால் சில மணி நேரத்தில் விடிந்து, ஒரு முழுப் பகல் கழிந்து, மறுபடி இருட்டிய பிறகே இறங்குவீர்கள். மேற்கே, பசிபிக் வழியாக வந்தால் சூரியனை விட்டு ஓடிக்கொண்டே இருப்பீர்கள். குளிர்காலத்தில் அப்படிப் பறந்தால் 18 மணி நேரமும் ஏறக்குறைய ஒரே இரவுதான். ஜூனில் வடக்கே வானம் முழுவதும் இருட்டாது.

மறுமொழி: இரவுப் பறவை

நேரடியாகச் செல்வதா, நின்று செல்வதா என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. இரண்டு வழியிலும் சென்றவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

ஃபிராங்பர்ட் வழியாகச் சென்றால் சுமார் 10,300 கி.மீ.யும் 6,200 கி.மீ.யும் சேர்ந்து 16,500 கி.மீ. ஆகிறது. குறுகிய வழியைவிட 1,150 கி.மீ.தான் அதிகம். ஆனால் போகும் திசையில் வழி முழுவதும் காற்றை எதிர்த்தே பறக்க வேண்டும். ஆகவே 13 மணி சொச்சம், நிலையத்தில் காத்திருப்பு, மறுபடி 8½ அல்லது 9 மணி என்று எல்லாம் சேர்ந்து ஒரு முழு நாளை ஒட்டி வந்துவிடும். நடுவில் கால்களை நீட்டி நடக்கலாம், மறுபடி ஒரு பாதுகாப்புச் சோதனை வரிசையிலும் நிற்க வேண்டும். ஒருமுறை வேறொரு நகரத்தில் இறங்கி ஏறும் பயணத்தில், முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டு, விமான நிலைய நாற்காலியில் ஓர் இரவைக் கழித்தேன். அன்று முதல் எனக்கு நேரடிப் பயணத்தின் மீது சற்றுப் பாரபட்சம் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

விலையில் ஓர் எச்சரிக்கை. நேரடிப் பயணத்துக்கென்றே உருவான ஏ350-900 யூஎல்ஆர் விமானத்தில் சாதாரண வகுப்பே இல்லை. 67 வணிக வகுப்பு இருக்கைகள், 94 உயர் சிக்கன வகுப்பு இருக்கைகள், மொத்தம் 161 தான். காரணம் ஆடம்பரம் மட்டும் அன்று, எடையும் சேர்ந்தது. இந்த வகை விமானம் 165,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும். லிட்டருக்கு 0.8 கிலோ என்றால் 132 டன். நிலத்தைவிட்டு எழும்போது அதற்கு அனுமதிக்கப்பட்ட மொத்த எடையோ 280 டன். அதாவது நிரப்பிக்கொண்டு எழுந்தால் கிட்டத்தட்டப் பாதி எடை எரிபொருள். ஆள்களை நிறைய ஏற்றினால் அவ்வளவு தூரம் போக முடியாது. 2004 இல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நிறுவனத்தார் நான்கு இயந்திரங்கள் கொண்ட ஏ340-500 விமானத்தைக் கொண்டு நியூயார்க்கை ஒட்டிய நியூவர்க்குக்கு இந்தச் சேவையைத் தொடங்கினார்கள். அது குடித்த எரிபொருளுக்குக் கட்டுப்படியாகாமல் 2013 இல் நிறுத்தினார்கள். இரண்டே இயந்திரங்கள் கொண்ட புதிய விமானம் வந்த பிறகு, 2018 அக்டோபரில்தான் மீண்டும் தொடங்கியது. கென்னடி நிலையத்துக்கு 2020 நவம்பரில் தொடங்கினார்கள். ஃபிராங்பர்ட் வழியில் சாதாரண வகுப்பு கிடைக்கும், வெள்ளிக் கணக்கில் வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

உடல்நலம் பற்றி ஒன்று. நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் அமர்ந்து செல்லும் பயணங்களில் காலில் இரத்தம் உறையும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்காகிறது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2007 இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. அப்போதும் அது சுமார் 6,000 பேரில் ஒருவருக்குத்தான். இடையில் நிற்பதால் மட்டும் அது விலகிவிடாது, 13 மணியும் நான்கு மணியைவிட மிக அதிகமே. நடைபாதையோர இருக்கையைக் கேட்டு வாங்கி, அவ்வப்போது எழுந்து நடந்தால் போதும். அழுத்தக் காலுறை அணிவதா என்பதை மட்டும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மறுமொழி: தோ பாயோ தாத்தா

விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. போகும்போது நேரடி விமானம், திரும்பும்போது ஃபிராங்பர்ட் வழி என்று முடிவு செய்து, இன்று மகளிடம் சொல்லிவிட்டேன். போகும்போது என் மனைவி அதிக நேரம் விமானத்தில் இருக்க வேண்டாம். வரும்போது ஐரோப்பா வழியாகக் கட்டாயம் கிழக்கேதான் வருவோம் என்பது உறுதியாகிவிடுகிறது. போகும் விமானமும் பசிபிக் பக்கமாகவே சென்றால், உருண்டையில் நூலை முழுவதும் ஒரு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட வேண்டும் என்று பேரன் இப்போதே நூல்கண்டை எடுத்து வைத்திருக்கிறான். நடைபாதையோர இருக்கை என் மனைவிக்கு. சன்னலோரம் எனக்கு, எந்தப் பக்கம் போகிறோம் என்று பார்க்க வேண்டும்.